பழைய பைக் சீட்டை வீட்டிலேயே சரிசெய்து கவர் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்பதுகளில் வாங்கிய அப்பாவின் புல்லட் 350க்கு நானே சீட் வேலை செய்ததிலிருந்து, தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் படம் அனுப்பிச் சந்தேகம் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். புல்லட்டை வைத்துத்தான் சொல்கிறேன், ஆனாலும் எஸ்டி, ராஜ்தூத் என்று இரும்புத் தட்டின் மேல் ஃபோம் வைத்த எந்தப் பழைய சீட்டுக்கும் வேலை ஏறக்குறைய இதுவேதான்.

அண்ணா, கவர்தான் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. ரெடிமேட் கவர் ஒன்னு வாங்கி மேலயே மாட்டிட்டா போதாதா?

கிழிசல் நேற்று விழுந்தது என்றால் போதும். ஒரு மழைக்காலம் தாண்டிய கிழிசல் என்றால் போதாது. ஃபோம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் கீழே இறங்கித் தட்டை அரிக்கும், மேலே இன்னொரு கவரை மாட்டினால் காய வழியே இல்லாமல் உள்ளேயே கிடக்கும்.

எங்கள் வண்டியில் வெளியே தெரிந்தது உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கிழிசல். பிரித்துக் கவிழ்த்தபோது விளிம்போர ஃபோம் புட்டு மாவு மாதிரி மஞ்சளாக உதிர்ந்து விரித்திருந்த செய்தித்தாளில் குவிந்தது, தட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு ஓட்டை. பிரிக்காமல் சோதிக்க வேண்டுமானால், சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து உள்பக்கம் லேசாகத் தட்டுங்கள். துருச் செதில் உதிர்ந்தாலோ மக்கல் வாடை வந்தாலோ முழு வேலைக்குத் தயாராகிவிடுங்கள்.

சீட்டைக் கழற்றியாச்சு. இப்ப முதல்ல என்ன செய்யணும்?

எதையும் பிய்ப்பதற்கு முன்னால் படம் எடுங்கள். மேலிருந்து, இரண்டு பக்கத்திலிருந்து, கவிழ்த்து வைத்து. பிறகு நீளம், முன் மூக்கின் (டேங்கை ஒட்டி வரும் ஒடுங்கிய முனை) அகலம், உட்காரும் இடத்தின் அகலம், தட்டின் விளிம்பிலிருந்து மேல்பரப்பு வரை உயரம், இதையெல்லாம் நான்கைந்து இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

தட்டின் உள்விளிம்பில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும், கவரைக் கவ்விப் பிடித்திருப்பவை அவைதான். தட்டையான ஸ்க்ரூடிரைவரால் கவர் கழலும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். நேர்க்குத்தாக நிமிர்த்தி மறுபடி மடக்கினால் பழைய இரும்பு ஒடிந்துவிடும். கழற்றிய கவர் எவ்வளவு கந்தலாக இருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம், புதுக் கவருக்கு அளவு அதுதான். தையலைப் பிளேடால் பிரித்து, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் "மேல்", "இடது", "வலது" என்று எழுதி, முன்பக்கம் எது என்று அம்புக்குறி போடுங்கள். இடதும் வலதும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், வெட்டும்போது நிச்சயம் மாறும்.

தட்டு ரொம்ப துரு. புதுத் தட்டே வாங்கிடலாமா சார்?

முடிந்தவரை பழையதைக் காப்பாற்றப் பாருங்கள். புல்லட்டுக்குப் புதுத் தட்டு கிடைக்கும், ஆனால் போல்ட் துளை அரை அங்குலம் தள்ளி வருவதை நானே பார்த்திருக்கிறேன். எஸ்டிக்காரர்கள் நிலைமை இன்னும் கஷ்டம், அதைத் தயாரித்த மைசூரு ஐடியல் ஜாவா ஆலை 1996ல் மூடப்பட்டுவிட்டது. சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகம் விற்கும் இடங்களில் தேடலாம். எதை வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன் வண்டியில் உட்கார வைத்துப் பாருங்கள்.

கம்பி பிரஷ் போட்டு உதிரும் துருவை எடுத்துவிட்டு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, காய்ந்ததும் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், அதன் மேல் பெயின்ட் இரண்டு கோட். ஓட்டை இருந்தால் டிங்கரிடம் கொண்டுபோய்த் தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். ஃபோம் கொஞ்சமும் ஒட்டியிருக்காமல் சுரண்டிய பிறகுதான் வெல்டிங், சீட்டில் இருக்கும் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் எரிந்தால் வரும் புகை நச்சு. அவசரம் வேண்டாம், பெயின்ட் ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

ஒடிந்த பற்கள் இரண்டு மூன்று என்றால் கவலையில்லை. வரிசையாக நாலைந்து போயிருந்தால் அந்த இடத்தில் துளை போட்டு, கவரைப் பாப் ரிவெட்டும் வாஷரும் வைத்து இறுக்கலாம். வாஷர் கட்டாயம், இல்லாவிட்டால் ரிவெட் தலை ரெக்ஸினைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

கடையில 32, 40ன்னு நம்பர் சொல்றாங்க, ஒன்னும் புரியல. எந்த ஃபோம் வாங்கணும்?

அந்த எண் அடர்த்தி. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. அடர்த்தி கூடினால் சீக்கிரம் அமுங்கிப் போகாது, அவ்வளவுதான் அதன் பொருள். கெட்டியா மெத்தென்றா என்பது வேறு விஷயம், 40ல் மெத்தென்றும் கிடைக்கும், கல் மாதிரியும் கிடைக்கும். அதனால் எண்ணைக் கேட்டுவிட்டுக் கையாலும் அழுத்திப் பாருங்கள். மெத்தைக்கு வெட்டும் இளகிய ஃபோம் வேண்டவே வேண்டாம், உட்கார்ந்தால் அடியில் தட்டு இடிக்கும்.

நான் அடியில் ரீபாண்டட் ஃபோம் வைக்கிறேன், பல நிறத் துணுக்குகளை அழுத்திச் செய்திருப்பார்களே, அது. அதன் மேல் 40க்குக் குறையாத கெட்டி ஃபோம். கடைசியாகக் கால் அங்குலமோ அரை அங்குலமோ மெல்லிய ஃபோம் முழுசாகப் போர்த்தினால் அடியில் இருக்கும் ஒட்டும் மேடும் கவரில் தெரியாது.

பழைய ஃபோமை மொத்தமா மாத்தணுமா, ஒட்டுப் போட்டா நிக்குமா?

நன்றாகவே நிற்கும். விரலால் அழுத்தி விட்டால் உடனே எழுந்து வருகிற ஃபோம் நல்ல ஃபோம், அதைத் தொடாதீர்கள். ஒரிஜினல் வளைவு அதில்தான் இருக்கிறது. பொடியாக உதிர்வதையும் அமுங்கினால் எழாததையும் நேர்க்கோடாக வெட்டி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டை ஒட்டி, பிறகு மட்டத்துக்குச் செதுக்குங்கள்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் மாதிரி ரப்பர் பசை. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும் வரை, ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, அப்புறம் சேர்த்து அழுத்துங்கள். செதுக்கப் போகும் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குப் பசை தடவாமல் விடுங்கள். பசை காய்ந்தால் இறுகும், செதுக்கும்போது சுற்றியிருக்கும் ஃபோம் தேய்ந்து பசைக் கோடு மட்டும் நரம்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். இந்தப் பசையின் ஆவி தீப்பற்றும், அடுப்பு எரியும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யக் கூடாது.

ஃபோமை எதால வெட்டறது? கத்தில வெட்டினா பிஞ்சு பிஞ்சு வருது.

கத்தியை அழுத்துவதால் அப்படி வருகிறது. ஃபோமை அறுக்க வேண்டும். புது ஹேக்ஸா பிளேடை ஒரு முனையில் துணி சுற்றிக் கையில் பிடித்து, நீள நீளமாக இழுத்து அறுத்தால் வெண்ணெய் மாதிரி போகும். ரொட்டி அறுக்கும் பல் வைத்த கத்தியும் நன்றாக இருக்கும்.

அறுப்பது பெரிய அளவுக்கு மட்டும்தான். வளைவு வருவது தேய்ப்பதில். 40 நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, ஒரே திசையில் தேயுங்கள். முதலில் நடுக்கோட்டை மார்க்கரால் வரைந்துகொள்ளுங்கள், அதற்கு இரு பக்கமும் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு. ஒரு பக்கம் பத்து இழுப்பு இழுத்தால் மறுபக்கமும் பத்து. அட்டையை ஒரு பக்கத்து வளைவுக்குத் தகுந்தபடி வெட்டி, அதையே திருப்பி மறுபக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே தூக்கல் என்று உடனே தெரிந்துவிடும். கண்ணைவிட உள்ளங்கை நன்றாகக் கண்டுபிடிக்கும், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தடவிப் பாருங்கள்.

தூசு நிறைய பறக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் செய்யுங்கள். ஆங்கிள் கிரைண்டரில் தேய்ப்பவர்கள் உண்டு, வேகமாகத்தான் போகும், ஆனால் ஒரு நொடி கை அசைந்தால் பள்ளம். முதல் சீட்டுக்கு வேண்டாம்.

என் உயரம் அஞ்சடி ரெண்டு அங்குலம்தான் அண்ணா, கால் சரியா ஊனல. சீட்டை எவ்வளவு குறைக்கலாம்?

உயரத்தைக் குறைப்பதற்கு முன்னால் முன்மூக்கின் அகலத்தைக் குறைத்துப் பாருங்கள் தம்பி. தொடை விரிந்து போவதால்தான் பாதி உயரம் வீணாகிறது. டேங்க் பக்கத்தில் இரு ஓரத்தையும் அரை அங்குலம் அரை அங்குலமாகச் சரித்துச் சீவினாலே குதிகால் தரையை நோக்கி இறங்கும்.

அதுவும் போதாவிட்டால் மேலே முக்கால் அங்குலம், மிஞ்சிப்போனால் ஒரு அங்குலம். அமுங்கிய நிலையில் தட்டுக்கு மேல் ஒன்றரை அங்குலமாவது கெட்டி ஃபோம் மிஞ்ச வேண்டும். குறைக்கும்போது முன்னால் சரிவு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சரிவு இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் டேங்கில் போய் மோதுவீர்கள். இன்னொன்று, சீட் இறங்கினால் ஃபுட்ரெஸ்ட் இருக்குமிடத்திலேயே இருக்கும், முழங்கால் கூடுதலாக மடங்கும். நீண்ட தூரம் போகிறவர்கள் இதை யோசித்துச் செய்ய வேண்டும்.

கவர் போடுவதற்கு முன்னால் செதுக்கிய ஃபோம் மேல் ஒரு பாலிதீன் சுற்றி, வண்டியில் மாட்டி, ஒரு நாள் பக்கத்துக் கடைத்தெரு வரை ஓட்டிப் பாருங்கள். வெட்டியதைத் திருப்பி ஒட்ட நேர்ந்தால் அது இப்போதே நடக்கட்டும்.

ரெக்ஸினா, தோலா?

தினமும் ஓட்டுகிற வண்டிக்கு ரெக்ஸின். பின்னால் பின்னல் துணி வைத்த, ஒரு மில்லிமீட்டர் பருமன் உள்ளதைக் கேளுங்கள், வளைவில் இழுத்தால் கொடுக்கும். வெறும் துணி நெய்த முதுகு உள்ளது இழுபடாது. 54 அங்குல அகலத்தில் ஒரு மீட்டர் வாங்கினால் இரட்டை சீட்டுக்குத் தாராளம், ஆனால் முதல்முறை என்றால் ஒன்றரை மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். தோல் அழகுதான், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் நல்ல தோல் கிடைக்கும். ஆனால் வெயிலிலும் மழையிலும் தெருவில் நிற்கிற வண்டிக்கு அதைப் பராமரித்து மாளாது.

அம்மாவோட உஷா மெஷின்ல தைக்க முடியுமா, இல்ல உடைஞ்சிடுமா?

கால்மிதி வைத்த பழைய இரும்பு மெஷின் என்றால் தைக்கும். ஊசி 18 நம்பர், பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 4 மில்லிமீட்டர். பருத்தி நூல் மழையில் மக்கிவிடும். தையல் நெருக்கமாக விழுந்தால் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசையாகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். இரண்டு ரெக்ஸின், நடுவில் பீடிங் (தையலோரம் கயிறு மாதிரி புடைத்து நிற்கும் பட்டை) என்று மூன்று நான்கு மடிப்பு சேரும் இடத்தில் மிதிக்காதீர்கள், சக்கரத்தைக் கையால் உருட்டி ஒவ்வொரு தையலாகப் போடுங்கள்.

ரெக்ஸினில் குண்டூசி குத்தினால் அந்த ஓட்டை அப்படியே இருக்கும், துணிக்குப் போடும் கிளிப் போதும். ரெக்ஸினின் மேல்பக்கம் மெஷினின் அழுத்தும் பாதத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவுங்கள். மெஷின் திணறுகிறது என்றால் வற்புறுத்த வேண்டாம். துண்டுகளை வெட்டி, கிளிப் போட்டு, பேக் தைக்கும் கடையில் கொடுத்தால் தைத்து மட்டும் கொடுப்பார்கள், மற்ற எல்லா வேலையும் உங்களுடையதுதான்.

சீட் வடிவத்தையே மாத்திட்டேன். அப்ப பழைய கவரை வச்சு எப்படி வெட்டறது?

முடியாது, புது அளவு எடுக்க வேண்டும். செதுக்கிய ஃபோம் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றி, அதன் மேல் பேப்பர் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக முழுசாக ஒட்டுங்கள். தையல் எங்கே வர வேண்டுமோ அங்கே பேனாவால் கோடு. கோட்டுக்குக் குறுக்கே இரண்டு அங்குலத்துக்கு ஒரு சின்ன வெட்டுக்குறி போடுங்கள், தைக்கும்போது இந்தக் குறிகள்தான் ஒன்றோடொன்று சேர வேண்டும். பிறகு கோட்டோடு வெட்டிப் பிரித்தால் துண்டுகள் தட்டையாகக் கையில் வரும்.

அதை ரெக்ஸினில் வரையும்போது தையலுக்கு 10 மில்லிமீட்டர் கூட்டுங்கள், தட்டுக்குள் மடிக்கும் ஓரத்தில் இரண்டு அங்குலம். அப்புறம் மேல்துண்டின் இரண்டு ஓரத்திலும் 3 மில்லிமீட்டர் குறைத்துவிடுங்கள். கவர் ஃபோமைவிடத் துளி சின்னதாக இருந்து அழுத்தினால்தான் இறுக்கம் வரும். அதிகம் இழுபடும் திசை சீட்டின் குறுக்கே வரட்டும், நாம் இழுத்து மாட்டப் போவது பக்கவாட்டில்தான். முதலில் ஒரு பழைய போர்வைத் துணியில் தைத்து மாட்டிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை, ஒரு மீட்டர் ரெக்ஸினைக் காப்பாற்றும்.

பழைய சீட்ல குறுக்கே வரி வரியா தச்சிருப்பாங்களே, அது எப்படி?

மேல்துண்டுக்கு அடியில் 6 மில்லிமீட்டர் ஃபோம், அதற்கடியில் மெல்லிய துணி, மூன்றையும் சேர்த்து நேர்க்கோடாகத் தைப்பது. கோடு போட்டுத் தைத்து முடித்த பிறகுதான் அளவுக்கு வெட்ட வேண்டும், முன்னாலேயே வெட்டினால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நீளம் குறைந்துவிடும். இடைவெளியை மேலே சொன்ன பழைய கவரிலிருந்தே அளந்து எடுங்கள், ஒரிஜினல் தோற்றத்துக்கு அந்த இடைவெளிதான் முக்கியம்.

எவ்வளவு இழுத்தாலும் மூலையில சுருக்கம் விழுது. என்ன தப்பு பண்றேன்?

அநேகமாகக் குளிர்ந்த ரெக்ஸினை இழுக்கிறீர்கள். நல்ல வெயிலில் மத்தியானம் அரை மணி நேரம் கவரைக் காயவைத்து எடுத்தால் ரப்பர் மாதிரி வளையும். மழைக்காலம் என்றால் ஹேர் டிரையர், தள்ளிப் பிடித்து.

அடுத்தது வரிசை. முன்மூக்கின் நடுவை ஒரு பல்லில் மாட்டுங்கள், பிறகு பின்னால் நடுவை இழுத்து ஒரு பல்லில். அப்புறம் இடது நடு, வலது நடு. அங்கிருந்து மூலைகளை நோக்கி இரு பக்கமும் மாறி மாறிப் போங்கள். மூலை கடைசி, அங்கே உள்மடிப்பில் சின்னச் சின்னதாக வெட்டு கொடுத்தால் படியும். எல்லாம் சரியாக நின்ற பிறகுதான் பற்களை மடக்க வேண்டும்.

நடுவுல பள்ளம் வச்ச சீட். கவர் பள்ளத்துல படியாம பந்தல் மாதிரி மேல நிக்குது.

இரண்டு பக்கமும் இழுத்தால் பள்ளத்தில் துணி எழும்பத்தான் செய்யும், அது உங்கள் தப்பில்லை. பள்ளத்தின் குறுக்கே தையல் வரும்படி மேல்துண்டை இரண்டாகப் பிரித்து வெட்டுங்கள். அந்தத் தையலின் அடியில் ஒரு கெட்டி நாடாவையும் சேர்த்துத் தைத்து, அதன் இரு முனையையும் பக்கவாட்டுத் துண்டின் உள்பக்கமாக இறக்கி, தட்டில் ரிவெட் அடித்துக் கட்டினால் கவர் பள்ளத்தோடு உட்காரும். பசை போட்டு ஒட்டலாம் என்று பலர் சொல்கிறார்கள். வண்டி வெயிலில் நின்றால் அது விட்டுவிடும்.

மழை விட்டதும் உட்கார்ந்தா பேன்ட் நனையுது. தையல் வழியா தண்ணி வருதா?

ஆமாம். எனக்கும் முதல் சீட்டில் இதே கதைதான், உட்காரும் இடத்தின் நடுவிலேயே ஒரு தையல் போட்டிருந்தேன், மழை நின்று இரண்டு நாள் கழித்தும் ஈரம் மேலே வந்துகொண்டே இருந்தது. தையலை ஓரத்துக்குத் தள்ளுவதுதான் நிரந்தர வழி. வரித்தையல் வேண்டுமென்றால் ஃபோமுக்கும் கவருக்கும் நடுவில் ஒரு கெட்டி பாலிதீன் தாள் போடுங்கள், ஓட்டை இல்லாமல், விளிம்பு வரை இறங்கும்படி. தட்டின் தாழ்வான இடத்தில் ஒரு சின்ன வடிகால் துளையும் இருக்கட்டும். பழைய தட்டில் இருந்தால் பெயின்ட் அடிக்கும்போது அடைத்துவிடாதீர்கள்.

கஃபே ரேசர் மாதிரி சிங்கிள் சீட்டா வெட்டிட்டா போலீஸ் பிரச்சனை வருமா ப்ரோ?

கவர், ஃபோம் மாற்றுவது பழுதுபார்ப்பு. சீட்டின் எண்ணிக்கையையோ சேஸியையோ மாற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52வது பிரிவு, பதிவில் உள்ள விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.சி.யில் எத்தனை பேர் உட்காரலாம் என்று இருக்கும். பின்னால் ஆள் ஏறும் வண்டியில் பக்கவாட்டிலோ ஓட்டுநர் சீட்டின் பின்னாலோ நிரந்தரக் கைப்பிடி இருக்க வேண்டும், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல் 123வது விதி. புதுக் கவர் போடும் ஆர்வத்தில் பலர் பழைய பிடிவாரை வெட்டிவிடுகிறார்கள். அதைத் தயவுசெய்து திருப்பி மாட்டுங்கள், பின்னால் உட்காரும் அம்மாவோ மனைவியோ அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

சிங்கிள் சீட் ஆசை தீரவில்லை என்றால் தனியாக இன்னொரு தட்டில் செய்யுங்கள். ஒரிஜினல் தட்டையோ சேஸியையோ வெட்டாதீர்கள்.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், பார்க்க அருமையா இருக்கு, ஆனா ஒரு மணி நேரம் ஓட்டினா வலிக்குது. ஃபோம் மாத்தணுமா?

உடனே மாற்ற வேண்டாம். எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். உட்காரும் இரண்டு எலும்பு முனையிலும் வலி என்றால் ஃபோம் மேலே கெட்டியாகவோ, அடியில் இளகியோ இருக்கிறது. வெளித்தொடையில் மரத்துப்போனால் ஓரம் கூர்மையாக நிற்கிறது, அங்கே இன்னும் உருட்டித் தேய்க்க வேண்டும். வால் எலும்பில் வலித்தால் பின்பக்கம் அதிகம் சரிந்து நீங்கள் பின்னோக்கி உருள்கிறீர்கள்.

ஒரு சோதனை இருக்கிறது. நெளிவுள்ள அட்டையைக் கெட்டித் தரையில் போட்டு, வண்டியில் உட்காரும் சாய்விலேயே ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்திருங்கள். அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும், அந்த இரண்டின் நடுவுக்கு நடு அளவை எடுத்து, சீட்டில் அதே இடத்தில் மார்க்கரால் குறியுங்கள். கவரைப் பின்பாதி மட்டும் கழற்றி, அந்த இரண்டு வட்டத்திலும் கெட்டி ஃபோமை அரை அங்குலம் குடைந்து, இளகிய ஃபோமை அடைத்து, மேலே மெல்லிய ஃபோமைப் போர்த்தி மறுபடி மாட்டுங்கள். பற்களை இந்த முறையும் கொஞ்சமாகவே நிமிர்த்துங்கள்.